தோலுக்கு அடியில் போடும் ஊசி எங்கே போய் நிற்கிறது?

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள். "சதையில போயிடக் கூடாது, தோலுக்கு அடியில போடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பையனின் பாடப்புத்தகத்தைப் புரட்டினால் தோலுக்கு இரண்டே அடுக்கு. வேறிடத்தில் மூன்று என்று போட்டிருக்கிறது. அந்த மூன்றாவது அடுக்கு எது, அதில் கொழுப்பைத் தவிர என்ன இருக்கிறது, மருந்தை ஏன் குறிப்பாக அங்கே போடச் சொல்கிறார்கள்?

வார்டில் இருபது வருடம் ஊசி போட்டுவிட்டு, இப்போது நர்சிங் மாணவிகளுக்கு உடற்கூறியல் எடுக்கிறேன். முதல் வகுப்பில் அவர்களைச் செய்யச் சொல்வதையே உங்களையும் செய்யச் சொல்கிறேன். இடது புறங்கைத் தோலை வலது கையால் கிள்ளித் தூக்குங்கள். கூடாரம் போல எழும்பி வரும், இப்படியும் அப்படியும் நகரும். இப்போது கையைத் திருப்பி உள்ளங்கையில் அதே மாதிரி கிள்ளிப் பாருங்கள். பிடியே கிடைக்காது. அடுத்து வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில் கிள்ளுங்கள். தடிமனாக, மெத்தென்று ஒரு மடிப்பு கைக்கு வரும். மூன்று இடத்திலும் மேலே இருப்பது தோல்தான். வித்தியாசத்தின் பெரும்பகுதி அதற்கு அடியில் இருக்கிறது. அதுதான் நீங்கள் கேட்கும் அடுக்கு. புத்தகத்தில் ஹைப்போடெர்மிஸ், தமிழில் தோலடி அடுக்கு, வார்டில் 'சப்கட்'.

இரண்டா மூன்றா என்ற குழப்பத்தில் யாரும் தப்பில்லை. மேல்தோலும் உள்தோலும்தான் கண்டிப்பான கணக்கில் தோல். மூன்றாவதை உடற்கூறியலார் பலர் தோலோடு சேர்க்காமல், தோலையும் தசையையும் இணைக்கும் தனித் திசுவாக எழுதுவார்கள். தோல் மருத்துவர்களும் எங்களைப் போன்றவர்களும் தோலின் ஆழமான அடுக்கு என்றே பேசுவோம். ஏனென்றால் உள்தோலுக்கும் இதற்கும் நடுவில் கோடு போட்ட எல்லை எதுவும் கிடையாது. உள்தோலின் நார்கள் அப்படியே கீழே இறங்கி இதற்குள் ஓடுகின்றன. வியர்வைச் சுரப்பியின் சுருள், தடித்த முடியின் வேர் எல்லாம் பல இடங்களில் இதுவரை இறங்கிக் கிடக்கும். பையன் பரீட்சையில் இரண்டு என்றே எழுதட்டும். மார்க்கில் கைவைக்க வேண்டாம்.

இந்த அடுக்கைக் கண்ணால் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுக்கடைக்குப் போனால் போதும். ஆட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உரிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் கத்தியால் ஒரு கீறல் போடுவார். அப்புறம் கத்தியை வைத்துவிட்டு, கைமுட்டியைத் தோலுக்கும் கறிக்கும் நடுவே நுழைத்துத் தள்ளிக்கொண்டே போவார். தோல் சட்டை மாதிரி கழன்று வரும். நடுவில் வெள்ளையாக, பஞ்சு போல இழுபட்டு அறுகிற ஜவ்வு இருக்கிறதே, அதுதான் தோலடித் திசு. கத்தி இல்லாமல் கையாலேயே பிரிக்க முடிகிற அளவுக்கு அது தளர்வானது. கோழியில் பார்த்தால் இன்னும் தெளிவு. தோலை இழுத்து உரிக்கும்போது மஞ்சளாகக் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வருமே, அதுவும் இதுவேதான்.

மனிதரில் இதன் அமைப்பைச் சொல்ல எனக்கு மாதுளம்பழம்தான் கைகொடுக்கும். பழத்தைப் பிளந்தால் மணிகள் கூட்டம் கூட்டமாக இருக்கும், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் தோல் தடுப்பாக நிற்கும். மணி ஒவ்வொன்றையும் ஒரு கொழுப்புச் செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கூட்டம் ஒரு மடல். நடுவில் நிற்கிற தடுப்பு, கொலாஜன் நாரால் ஆன சுவர். இந்தச் சுவர்கள்தான் மேலே உள்தோலையும் கீழே தசையின் உறையையும் பிடித்துக் கட்டியிருக்கின்றன. இரத்தக் குழாய், நிணநீர்க் குழாய், நரம்பு எல்லாம் பெரும்பாலும் இந்தத் தடுப்பு வழியாகத்தான் ஓடும். அங்கிருந்து நுண்குழாய்கள் மடலுக்குள் கிளைத்துப் போகும்.

ஒரு கொழுப்புச் செல் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். சில கண்களுக்கு வெறும் பார்வையிலேயே புள்ளியாகத் தெரிந்துவிடக்கூடிய அளவு. உள்ளே ஒரே பெரிய எண்ணெய்த் துளி. அது இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்வதால் உட்கருவும் மற்றதும் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும். மாணவிகள் ஸ்லைடில் முதன்முறை பார்க்கும்போது "மேடம், இங்க ஒண்ணுமே இல்லையே, ஓட்டை ஓட்டையா இருக்கு" என்பார்கள். ஸ்லைடு தயாரிக்கும்போது ஊற்றும் ஆல்கஹாலும் சைலினும் எண்ணெயைக் கரைத்துவிடுகின்றன. மிச்சம் தெரிவது செல்லின் மேலுறை மட்டும், ஓரத்தில் உட்கரு கல் பதித்த மோதிரம் போல. இந்த வெற்றுப் படத்தைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, மருத்துவம் படித்தவர்களே ரொம்ப நாள் இதை ஒரு திணிப்பு, பஞ்சு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்கள்.

கொழுப்புச் செல்லோடு நார்களைச் செய்யும் செல்கள், கிருமியை விழுங்கும் செல்கள், ஒவ்வாமைக்குப் பொறுப்பான மாஸ்ட் செல்கள் எல்லாம் இங்கே உண்டு.

உடம்பின் எல்லா இடத்திலும் இது ஒன்று போல இருப்பதில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வியாதிகள் பலவற்றின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

கண்ணிமையில் தோலுக்கு அடியில் கொழுப்பு கிட்டத்தட்ட கிடையாது. இருக்கும் திசுவும் மிகத் தளர்வு. அதனால்தான் சிறுநீரகக் கோளாறில் உடம்பில் நீர் கோக்கும்போது, காலையில் எழுந்ததும் முதலில் வீங்கித் தெரிவது இமை. நெற்றியில் அடிபட்டாலும் மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போவது அதே காரணத்தால்தான். இரத்தம் இறங்கி வந்து தங்க அங்கே இடம் இருக்கிறது.

தலையில் நேர் எதிர். அங்கே தோலடி அடுக்கு இறுக்கமான நார்க்கட்டு. இரத்தக் குழாய்களின் சுவரை அந்த நார்கள் பிடித்து வைத்திருக்கின்றன. கையில் வெட்டுப்பட்டால் குழாய் தானே சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். தலையில் அப்படிச் சுருங்க விடாமல் நார் பிடித்துக்கொள்வதால் வாய் திறந்தபடியே நிற்கும். சின்னக் காயத்துக்கும் சட்டையெல்லாம் இரத்தமாகிக் குடும்பமே அலறிக்கொண்டு வருவது இதனால். துணியை மடித்து எலும்பின்மேல் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

குதிகாலில் இந்த அடுக்கு ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் கனம். கொழுப்பு அங்கே தேனடை போன்ற மூடிய அறைகளில் அடைபட்டிருக்கிறது. மிதித்தால் பிதுங்கி ஓட வழி கிடையாது, அப்படியே அமுங்கி எழும். அந்த அறைகள் இல்லையென்றால் நாலடி நடப்பதற்குள் எலும்பு தரையில் இடிக்கும். விரல் நுனியிலும் இதே மூடிய அறை அமைப்புதான். அங்கே சீழ் பிடித்தால் விரிய இடமில்லாமல் தெறிக்கத் தெறிக்க வலிக்கும், ராத்திரி தூங்க விடாது. உள்ளங்கையில் உங்களுக்குக் கிள்ளுப் பிடி கிடைக்காததற்கும் இதுதான் காரணம். தோலைக் கீழே இழுத்துக் கட்டிய நார்கள் அங்கே அதிகம். பிடித்த பொருள் கைக்குள் வழுக்காமல் இருக்க அது தேவை.

அடிவயிற்றில் இந்த அடுக்கே இரண்டாகப் பிரியும். மேலே கொழுப்பு நிறைந்த பகுதி, அதற்கு அடியில் சவ்வு போன்ற பகுதி. அறுவை சிகிச்சை முடிந்து தையல் போடும்போது அந்தச் சவ்வைத் தனியாகப் பிடித்துத் தைப்பார்கள்.

மாடு ஈ விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வால் எட்டாத இடத்தில் ஈ உட்கார்ந்தால், அந்த இடத்துத் தோலை மட்டும் சடசடவென்று சிலிர்க்கும். அதற்கென்று ஒரு மெல்லிய தசைத் தகடு மாட்டுக்கு இந்த அடுக்கில் உண்டு. நமக்கு அது பெரும்பாலும் மறைந்துபோய், கழுத்திலும் முகத்திலும் இன்னும் ஓரிரு இடங்களிலும் மிச்சம் இருக்கிறது. முகத்தில் இருக்கிற அந்தத் தசைகள் எலும்பிலிருந்து கிளம்பி நேராகத் தோலில் போய் ஒட்டுகின்றன. நாம் சிரிப்பதும் முறைப்பதும் அதைக்கொண்டுதான்.

சரி, இது செய்யும் வேலை என்ன? குளிருக்குப் போர்வை, அடிக்குத் தாங்கல், பட்டினிக்குச் சேமிப்பு என்று மூன்றைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். வெப்பத்தைக் கடத்துவதில் கொழுப்பு தசையைவிடப் பாதி அளவுதான். துருவக் கடலில் வாழும் போஹெட் திமிங்கிலத்துக்கு இந்தக் கொழுப்பு ஏறக்குறைய அரை மீட்டர் கனம் வரை இருக்கும். நம் பக்கம் இதன் அருமை தெரிவது குறைமாதக் குழந்தைகளிடம். தோலடிக் கொழுப்பு பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. அதற்கு முன்னே பிறந்த பிள்ளை சென்னை மே மாதத்திலும் குளிர்ந்துபோகும். அதனால்தான் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் ஒட்டி அணைத்துக் கட்டச் சொல்கிறோம்.

சேமிப்புக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோ இருந்தால் 77,000. நாளுக்கு 2,000 கலோரி செலவாகிறவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். மாவுச்சத்தாக உடம்பு சேர்த்து வைப்பது அரை கிலோவைச் சுற்றித்தான், அதுவும் மூன்று மடங்கு தண்ணீரைச் சுமந்துகொண்டு. எடையில்லாமல் அடர்த்தியாகச் சேமிக்கக் கொழுப்பை விட்டால் வழியில்லை. உடம்புக் கொழுப்பில் பெரும்பங்கு, ஏறக்குறைய ஐந்தில் நான்கு, தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கன்வாடியில் குழந்தையின் மேற்கையைச் சுற்றி நாடா வைத்து அளப்பார்களே, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு என்று எழுதுவார்களே, அந்த நாடா படிப்பது தசையோடு சேர்த்து இந்தச் சேமிப்பு தீர்ந்துபோன கதையையும்தான்.

இந்த மூன்றோடு நிறுத்தியிருந்தால் பஞ்சு என்று சொன்னவர்கள் சொன்னது சரியாகப் போயிருக்கும். 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழு, கொழுப்புச் செல்லே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தது. அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். "சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று மூளைக்குப் போகும் தகவல் அது. கேம்பிரிட்ஜில் ஒரு 8 வயதுச் சிறுமியைப் பார்த்தார்கள், எடை 86 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. அவளுக்கு மரபணுக் கோளாறால் லெப்டின் சுரக்கவே இல்லை. அவளுடைய உடம்பில் கொழுப்பு குவிந்து கிடந்தது, ஆனால் கொழுப்பு இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகவில்லை. லெப்டினை ஊசியாகப் போட ஆரம்பித்ததும் பசி குறைந்தது, எடை இறங்கியது. அந்த ஊசியையும் தோலுக்கு அடியில்தான் போட்டார்கள்.

இதைவிட எனக்கு மனதில் பதிந்தது எதிர்முனை. பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லாமல் பிறக்கிற மிகச் சிலர் உண்டு. தசை புடைத்து, நரம்பு தெரிய, பயில்வான் மாதிரி இருப்பார்கள். கொழுப்பே இல்லையே, ஆரோக்கியமாக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வரும், கல்லீரலில் கொழுப்பு மண்டும், இரத்தம் பால் கலந்த மாதிரி கொழுப்போடு இருக்கும். சாப்பிட்டதைப் பத்திரமாக வைக்க அறை இல்லாததால் அது கல்லீரலிலும் தசையிலும் போய்க் குவிகிறது. தோலடி அடுக்கு உடம்புக்குச் செய்யும் பெரிய உபகாரம் இதுதான் என்பது என் எண்ணம். கொழுப்பை ஆபத்தில்லாத இடத்தில் அது வாங்கி வைத்துக்கொள்கிறது.

இது நம்மவர்களுக்கு நேரடியாகப் பொருந்துகிற விஷயம். 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தோலடியில் வைக்கும் இடம் தெற்காசியர்களுக்குச் சீக்கிரம் நிறைந்து, மிச்சம் வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் வழிகிறது என்று ஒரு கருத்து இருக்கிறது. அதற்குச் சான்றுகள் கூடிக்கொண்டே வருகின்றன. அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று மற்றவர்களைவிடக் குறைவாக வைத்திருக்கிறார்கள். கையில் கிள்ளிப் பிடிக்க முடிகிற தொப்பையைவிட, கல் மாதிரி முன்னே தள்ளிக்கொண்டு கிள்ளவே வராத தொப்பைதான் கவலைக்குரியது. முன்னது தோலடி. பின்னது உள்ளே இருப்பது.

தொடையிலும் பின்புறத்திலும் தோல் குழி குழியாகத் தெரிவதைப் பற்றி மாணவிகள் கட்டாயம் கேட்பார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். மாதுளைத் தடுப்பு என்றேனே, அந்த நார்ச்சுவர் பெண்களுக்குப் பெரும்பாலும் நெட்டாகவும் ஆண்களுக்கு அதிகம் குறுக்குமறுக்காகவும் ஓடுகிறது. நெட்டுச் சுவர் இழுக்க, நடுவில் கொழுப்பு மேலே பிதுங்க, மேடும் பள்ளமுமாகத் தெரியும். வியாதி இல்லை. மேலே தடவுகிற கிரீம் அந்தச் சுவரை மாற்றப்போவதும் இல்லை.

இனி ஊசிக்கு வருவோம். நம் தடுப்பூசி அட்டவணையிலேயே மூன்று அடுக்கும் அழகாக வந்துவிடும். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. உள்தோலுக்குள். ஊசியைத் தோலோடு படுக்கவைத்து நுழைக்க வேண்டும், சரியாகப் போட்டால் கொசுக்கடி மாதிரி ஒரு கொப்புளம் எழும். ஆறாவது வாரம் போடும் பென்டாவேலன்ட் தொடைத் தசைக்குள், ஊசி செங்குத்தாக இறங்கும். ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வலது மேற்கையில், நடுவில் இருக்கும் தோலடி அடுக்கில். கிள்ளிப் பிடித்துச் சாய்வாகக் குத்துவோம். ஒரே குழந்தை, மூன்று ஊசி, மூன்று ஆழம்.

ஊசி என்ற கருவியே இந்த அடுக்கோடு சேர்ந்துதான் பிறந்தது. 1853 வாக்கில் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் என்ற மருத்துவர், நரம்பு வலிக்காக மார்ஃபினை வலிக்கும் இடத்திலேயே தோலுக்கு அடியில் செலுத்தினார். அங்கேயே போட்டால்தான் கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. லண்டனில் சார்லஸ் ஹன்டர், வேறெங்கே போட்டாலும் வலி அதே மாதிரி குறைகிறது என்று காட்டினார். மருந்து இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது என்பது அப்போது தெளிவானது. 'ஹைப்போடெர்மிக்' என்ற சொல்லும் ஹன்டர் போட்டதுதான். தோலுக்கு அடியில் என்று பொருள். இன்று தசைக்குள் போடும் ஊசியையும் அதே பெயரில் அழைக்கிறார்கள், அது வேறு கதை.

இன்சுலினை ஏன் இங்கே? மாத்திரையாகக் கொடுத்தால் வயிறு அதைச் செரித்துவிடும், அது ஒரு புரதம். தசைக்குள் போட்டால் சில நேரம் மிக வேகமாக இரத்தத்துக்குப் போய்விடும், முக்கியமாக நடந்தால் ஓடினால், ஏனென்றால் வேலை செய்யும் தசைக்கு இரத்த ஓட்டம் பல மடங்கு கூடும். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். தோலடியில் அது நிதானமாகப் போகும். பாட்டிலில் இருக்கிற இன்சுலின் ஆறு ஆறு மூலக்கூறாகக் கட்டுண்டு கிடக்கிறது. கொழுப்பு மடல்களுக்கு நடுவே அது கரைந்து, ஒவ்வொன்றாகப் பிரிந்து, நுண்குழாய்ச் சுவரைத் தாண்டி உள்ளே போக நேரம் பிடிக்கும். சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்வது இந்தத் தாமதத்துக்காகத்தான். அதோடு, இங்கே வலி உணரும் நரம்பு முனைகள் உள்தோலில் இருப்பதைவிடக் குறைவு, வீட்டில் தானே போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு ஆழம் போக வேண்டும்? வயிறு, தொடை, கை, பின்புறம் எங்கே அளந்தாலும், மேல்தோலும் உள்தோலும் சேர்ந்து பெரியவர்களுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். ஒல்லியானவர், குண்டானவர் என்று பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் எல்லாம் அடியில் இருக்கும் கொழுப்பின் கனத்தில். ஆகவே இன்சுலின் பேனாவில் மாட்டும் 4 மில்லிமீட்டர் ஊசி யாருக்கும் போதும். "நான் குண்டு, எனக்கு நீள ஊசி வேணும்" என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தாண்ட வேண்டியது 2 மில்லிமீட்டர் தோலை மட்டும்.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டோ ஓட்டுபவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு நாள் சர்க்கரை 300, மறுநாள் 60. ஒவ்வொரு முறை வரும்போதும் டோஸ் கூடிக்கொண்டே போனது. சாப்பாட்டில் ஏமாற்றுகிறார் என்று வீட்டில் சண்டை. ஒரு நாள் சட்டையைத் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு வலப்பக்கம் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு. விரலால் தடவினால் சுற்றியிருக்கும் இடம் மெத்தென்று, அது மட்டும் ரப்பர் போல. "அந்த இடத்துல குத்தினா வலியே இல்ல சிஸ்டர், அதான் தெனமும் அங்கயே" என்றார். இன்சுலினுக்குக் கொழுப்பைச் சேர்த்து வைக்கச் சொல்லும் குணம் உண்டு. ஒரே இடத்தில் தினமும் போட்டால் அங்கிருக்கும் கொழுப்புச் செல்கள் அந்த உத்தரவைக் கேட்டுக் கேட்டு வீங்குகின்றன, நார் படிகிறது. அந்தக் கட்டிக்குள் போகும் மருந்து ஒரு நாள் உள்ளேயே கிடக்கும், இன்னொரு நாள் மொத்தமாகக் கிளம்பும். இடத்தை மாற்றச் சொன்னோம். அதோடு டாக்டர் டோஸைக் குறைத்தார். அது அவசியம். புது இடத்தில் மருந்து முழுசாக வேலை செய்யும், பழைய அளவையே போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கட்டியோடு யாராவது இருந்தால் தானே இடம் மாற்றிவிட வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றட்டும்.

உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? வயதாக ஆக இந்த அடுக்கு கைகளிலும் முழங்காலுக்குக் கீழும் மெலிந்துபோகும். லேசாக இடித்துக்கொண்டாலே கறுப்பது, குளிர் தாங்காதது, படுத்த படுக்கையானால் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் சீக்கிரம் புண் வருவது, எல்லாம் அதனால்தான். அதனால் மேற்கையைத் தவிர்த்து வயிற்றில் தொடங்குங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். மிக ஒல்லியாக இருந்தால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு மெல்ல மடிப்பாகத் தூக்கிப் பிடித்துப் போடுங்கள். ஐந்து விரலாலும் அள்ளிப் பிடிக்காதீர்கள், தசையும் சேர்ந்து வந்துவிடும். பேனாவாக இருந்தால் அழுத்திவிட்டுப் பத்து எண்ணிய பிறகு உருவுங்கள். தேய்க்க வேண்டாம், போட்ட உடனே அந்த இடத்தில் வெந்நீர் ஊற்றவும் வேண்டாம். இரண்டும் மருந்தை அவசரப்படுத்தும்.

பாட்டில் மருந்து என்றால் ஒரு மில்லியில் எத்தனை யூனிட், பாட்டிலில் 40 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா பார்த்து, அதற்குரிய சிரிஞ்சையே வாங்குங்கள். இங்கே 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்து வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடம் மாற்றுவதற்கு நாங்கள் சொல்லித்தரும் வழி, வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள்ளும் முந்தைய நாள் குத்திய புள்ளியிலிருந்து ஒரு விரல் தள்ளி. காலண்டரில் அந்தந்த வாரத்துக்கு மேல்-வலது, கீழ்-வலது என்று எழுதி வைத்துவிட்டால் அம்மாவே பார்த்துக்கொள்வார்கள். மாதத்துக்கு ஒரு தடவை நீங்கள் விரலில் கொஞ்சம் சோப்பு நீர் தொட்டு அவர் வயிற்றை மெல்லத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கட்டி விரலுக்குத் தெரியும்.